டம்ளர் நழுவிய நேரம்

மடிக்கணினியின் கணக்குப்படி திருமலைச்சாமி அன்றைக்குக் காலை பத்தே முக்காலுக்குத்தான் இறந்திருந்தார். அவரை எரித்துச் சாம்பலையும் கரைத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது என்பது மட்டும்தான் அதில் இடித்தது.

மகன் வேல்ராஜ் மடிக்கணினியை மூடினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி திறந்தான். அப்பா பத்தே முக்காலை விட்டு நகரவில்லை.

"என்ன தம்பி, நேரம் கெடைச்சுதா?" என்றார் ஞானவேல் ஜோசியர். பாலசமுத்திரத்திலிருந்து முதல் பஸ் பிடித்து மலையேறி வந்தவர், கூடத்துச் சோபாவில் இரண்டு கம்பளிக்குள் மூக்கு மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தார். தீட்டு வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார் என்பதால் மடியில் சொந்த பிளாஸ்க். காலடியில் பஞ்சாங்கம் இருந்த மஞ்சள் பை.

"ஒரு நிமிசம்ங்கய்யா. லோடு ஆவுது."

"வெரசா பாருலே," என்றார் தாய்மாமன் நல்லசாமி. மேல்மலையில் பூண்டு போடுகிறவர். சாவு வீட்டிலும் அவர் மீசை விறைப்பாகத்தான் இருந்தது. "செத்த நேரத்தைப் பாக்க இம்புட்டு நேரமா? சாகவே அவருக்கு இம்புட்டு நேரம் ஆகலையே."

விஷயம் இதுதான். ஒருவர் திருவோண நட்சத்திரத்தில் இறந்தால், அழுது முடித்துவிட்டு அவரவர் சோலியைப் பார்க்கலாம். அதற்கு அடுத்த அவிட்டத்தில் இறந்தால் அடைப்பு. வீட்டைப் பூட்டி, ஆறு மாதம் அடுப்பெரியாமல் போட்டுவைக்க வேண்டும். இல்லாவிட்டால் போனவர் துணைக்கு ஆள் கூப்பிடுவாராம். வேறு சில நட்சத்திரங்களுக்கு நாலு மாதம், இரண்டு மாதம் என்று சில்லறை அடைப்புகளும் உண்டு. திருமலைச்சாமி செத்த அன்று காலை ஏழே காலுக்குத் திருவோணம் முடிந்து அவிட்டம் பிறந்திருந்தது. அவரோ எப்போது செத்தோம் என்று யாரிடமும் சொல்லாமல் செத்திருந்தார்.

முற்றத்து நாற்காலியில், மருமகள் கொடுத்த டீயோடு உட்கார்ந்தவர் அப்படியே போய்விட்டார். பெருக்க வந்த வடிவு அவர் காலைச் சுற்றிப் பெருக்கி, "காலைத் தூக்குங்கய்யா" என்று இரண்டு முறை மரியாதையாகச் சொல்லி, மூன்றாவது முறை துடைப்பத்தாலேயே தட்டிய பிறகுதான் சங்கதி வெளியே தெரிந்தது.

அட்டுவம்பட்டியில் அந்த வீடு வெறும் வீடாக இருந்தால் வேல்ராஜ் பூட்டிவிட்டு மாமன் ஊருக்குப் போயிருப்பான். ஆனால் அது ஹோம்ஸ்டே. மாடியில் இரண்டு அறை, பின்கட்டில் இரண்டு அறை, வாசலில் 'மேகக் குடில்' என்ற பலகை. போன வருடம் பெங்களூரு கம்பெனி அவனை வீட்டுக்கு அனுப்பியதிலிருந்து குடும்பத்துக்குச் சோறு அதுதான். மே மாதம் முழுக்க ஆள் பதிந்திருந்தார்கள். சீசனில் பூட்டினால் அவன் மறுபடி பெங்களூருக்குப் போக வேண்டும், பெங்களூரு அவனைக் கூப்பிடவில்லை.

கதவு தட்டப்பட்டது. மாடி அறைக்காரர் குல்லா போட்ட தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

"ஸாரி, டிஸ்டர்ப் பண்றேன். ஆன்ட்டி, கொஞ்சம் ஹாட் வாட்டர் கெடைக்குமா?"

மூலையில் பாயில் உட்கார்ந்திருந்த வேல்ராஜின் அம்மா முருகம்மாள் எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

"ஒன்பதாம் நாளே ஆளை விட்டுட்டயாலே?" என்றார் நல்லசாமி.

"முன்னாடியே பதிஞ்சவங்க மாமா. தட்ட முடியல."

தட்ட முடியாதுதான். ஹோம்ஸ்டே ஆரம்பித்த பதினெட்டு வருடமாக அந்த வீட்டில் யாரும் எதையும் தட்டியதில்லை. முருகம்மாள் காய்ச்சிக் கொடுத்த வெந்நீரை ஓரிடத்தில் ஊற்றினால் கொடைக்கானல் ஏரிக்குப் பக்கத்தில் ஆவி பறக்க இன்னொரு ஏரி கிடந்திருக்கும். புருஷனைக் குளிப்பாட்டிப் பாடையில் ஏற்றிய அன்றுகூடப் பின்கட்டிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து ஹாட் வாட்டர் கேட்டார். குளிப்பாட்டியது போக மிச்சம் இருந்ததில் ஒரு வாளி கொடுத்தாள்.

வேல்ராஜ் திரையை முறைத்தான். முற்றத்தைப் பார்த்து ஒரு கேமரா உண்டு. அப்பாவின் கையிலிருந்து டீ டம்ளர் நழுவுவது அதில் பளிச்சென்று பதிவாகியிருந்தது. படத்தின் மேல் மணி ஓடாது. எண்கள் வாசல் கேட்டை மறைக்கின்றன என்று அப்பாவே அதை அணைக்கச் சொல்லியிருந்தார். ஆனால் பதிவான ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு தேதியும் நேரமும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று இவன்தான் நெஞ்சை நிமிர்த்தி எல்லாரையும் வரச் சொன்னான்.

வந்தவர்கள் உட்கார்ந்ததும் கேமராவின் கார்டை எடுத்துச் செருகினான். தானே எழுதிய புரோகிராம் ஒன்றை ஓட்டினான். அதற்குக் 'கொண்டுவா' என்று பெயர். கோப்புகளை நகலெடுக்கும், ஒரு புள்ளி குறையாமல் சரிபார்க்கும், பிறகு கார்டில் இருப்பதை அழித்துவிடும். கம்பெனி தன்னை வெளியே அனுப்பியது எவ்வளவு பெரிய தவறு என்பதற்குச் சாட்சியாக அவன் வைத்திருந்த புரோகிராம்.

கொண்டுவா எல்லாவற்றையும் கொண்டுவந்தது. நாற்காலி, டம்ளர், அப்பாவின் மங்கி குல்லாய், வாசல் நாய். பழைய தேதியை மட்டும் கார்டிலேயே விட்டுவிட்டு வந்தது. புதிதாக எழுதிய கோப்புக்கு இன்றைய தேதிதான் என்று கணினி தன் போக்கில் போட்டுவிட்டது. 'தேதியையும் சேர்த்துக் கொண்டுவா' என்று ஒரே ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். வேல்ராஜ் எழுதவில்லை. அசலோ அழிந்துவிட்டது.

நல்லசாமி திரையை எட்டிப் பார்த்தார். "இன்னிக்குத் தேதியில்ல போட்டிருக்கு?"

"இன்னிக்கு ரோகிணி," என்றார் ஜோசியர், பழக்க தோஷத்தில். "அதுக்கு நாலு மாசம் அடைப்பு." பிறகு, ஏதோ குறைந்துபோன மாதிரி முனகினார்: "நாலுதான் வருது."

"ஐயா, இது தப்பு நேரம். அப்பா இன்னிக்குச் சாகலீங்க."

"அது எனக்கும் தெரியும் தம்பி. கணக்குச் சொன்னேன்."

ஒன்றும் குடிமுழுகவில்லை, தேதியைக் கையாலேயே மாற்றிவிடலாம் என்று வேல்ராஜ் கட்டளையைத் தட்டினான். அப்பா இறந்தது மே நாலு. மாதத்தையும் நாளையும் இடம் மாற்றிப் போட்டான். திருமலைச்சாமி ஏப்ரல் ஐந்தாம் தேதிக்குப் போய்ச் சேர்ந்தார்.

"உத்திராடம்," என்றார் ஜோசியர். "ரெண்டு மாசம்." அவர் முகம் இன்னும் சுருங்கியது.

"ஏப்ரல் அஞ்சா?" நல்லசாமி எழுந்தே விட்டார். "அன்னிக்கு எம் பேத்திக்குக் காது குத்து. ஒங்கப்பன் ரெண்டு பந்தியில உக்காந்து கறிசோறு தின்னாரு. மூணாவது பந்தியில நான்தான் எந்திரிக்கச் சொன்னேன். செத்தவரா தின்னாரு?"

வேல்ராஜ் அவசரமாகத் திருத்தினான். அவசரத்தில் ஒரு கோப்புக்குப் பதில் மொத்தத்துக்கும் ஒரே நேரத்தைக் கொடுத்துவிட்டான். இப்போது எல்லாப் பதிவும் ஒரே நொடியில் நடந்தவை ஆயின. திருமலைச்சாமி நாற்காலியில் டீ குடித்துக்கொண்டிருந்த அதே நொடியில் பாடையில் கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தார். கொள்ளிச்சட்டியோடு வேல்ராஜ் முன்னால் போக, அதே வேல்ராஜ் பின்னாலேயே காரில் பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு வந்தான்.

நல்லசாமி கையெடுத்துக் கும்பிட்டார். கணினியையா, அக்கா புருஷனையா என்று தெரியவில்லை.

"ஏங்க," என்றாள் மனைவி சுகன்யா மெதுவாக. "படத்துலயே வடிவக்கா உள்ள வர்றது தெரியுதுல்ல? அவங்க வந்த நேரம் தெரிஞ்சா, அதுலேர்ந்து கணக்குப் போட்டுரலாமே."

வேல்ராஜுக்கு உயிர் வந்தது. சரியாகவே இருந்தது யோசனை. படத்தில் வடிவு கேட்டைத் திறந்து பின்கட்டுக்குப் போகிறாள். கொஞ்ச நேரத்தில் சுகன்யா கொட்டாவியோடு டீ கொண்டுவருகிறாள். அப்பா வாங்குகிறார். பிறகு டம்ளர் நழுவுகிறது. வடிவைக் கூப்பிட்டான்.

"வடிவக்கா, அன்னிக்கு எத்தன மணிக்கு வந்தீங்க?"

வடிவு முதலாளியம்மாளின் முகத்தைப் பார்த்தாள். "நான் எப்பவும் போல ஆறரைக்கு டான்னு வந்துட்டேன் தம்பி. ஒரு நாளாச்சும் பிந்தியிருக்கேனா?"

"நீ டீ குடுத்தது?" என்று மனைவி பக்கம் திரும்பினான்.

சுகன்யா மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். "நான் வெள்ளனே ஆறு மணிக்கெல்லாம் குடுத்துட்டேனே. மாமாவுக்கு என்னைக்கு லேட் பண்ணியிருக்கேன்?"

நல்லசாமி விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார். "படத்துல வடிவு வந்த பெறகுதான் டீ வருது. வடிவு வந்தது ஆறரை, டீ வந்தது ஆறு. அப்ப மச்சான் குடிச்சது அடுத்த நாள் டீயா?"

"அண்ணே, என்னைப் பொய்யிங்கிறீங்களா?" என்றாள் வடிவு.

"அப்ப நான் பொய் சொல்றேனாக்கா?" என்றாள் சுகன்யா.

ஐந்து நிமிடத்தில், வடிவு தினமும் ஏழுக்கு மேல்தான் வருகிறாள் என்பதும், சுகன்யா எழுந்திருப்பதே அப்போதுதான் என்பதும், மாமனார் அதற்குள் தானே அடுப்படிக்குப் போய் ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டு மருமகளுக்காக இரண்டாவதையும் குடிப்பார் என்பதும், சபையில் கொட்டி முடிந்தன. உண்மை எல்லாம் கிடைத்தது. நேரம் மட்டும் கிடைக்கவில்லை.

கதவில் குல்லா தெரிந்தது. "ஆன்ட்டி, ஸாரி. பாத்ரூமுக்கு இன்னொரு பக்கெட்."

முருகம்மாள் எழுந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, மூன்றாவதாகப் பிடிக்க ஒன்றும் இல்லாமல் ஒரு நொடி நின்றாள். பிறகு போனாள். ஜோசியர் அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேல்ராஜ் வெளியே வந்து, மூடுபனிக்குள் நின்று, பழைய கம்பெனி நண்பன் அஜய்க்குப் போன் போட்டான். விரல் எங்கோ பட்டு ஸ்பீக்கர் ஆன் ஆகிவிட்டது.

"கார்டுல அழிச்சுட்டேன்டா. அவ்வளவுதானா?"

"அதெல்லாம் ஒன்னும் ஆகாதுடா," என்றது போன். "அழிச்சா பேரு மட்டும்தான் போகும். பாடி அங்கயேதான் இருக்கும். தோண்டி எடுத்துரலாம்."

ஜன்னல் வழியாக நல்லசாமியின் தலை வந்தது. "யாரு பாடியத் தோண்டப் போறீங்க?"

அஜய் அனுப்பிய புரோகிராம் கார்டைத் தோண்டியது. அரைமணி நேரம் தோண்டியது. மாடியில் வெந்நீர் ஊற்றிக் குளிக்கும் சத்தம் கேட்டது. யாரோ பாட்டு வேறு பாடினார். கடைசியில் அந்த ஒரு கோப்பு, அதன் அசல் தேதியோடு, எழுந்து வந்தது. மே நாலு. நேரம், இரவு ஒன்று ஐம்பது.

வேல்ராஜ் கூடத்துக்கு ஓடினான். "ஐயா, கெடைச்சிருச்சு. ராத்திரி ஒன்னு அம்பது. சுத்தமான திருவோணம். அடைப்பே கெடையாது."

ஜோசியர் பிளாஸ்க்கைத் திறந்து, ஒன்றும் ஊற்றாமல் மூடினார். "இன்னொரு தடவ நல்லாப் பாருங்க தம்பி."

நல்லசாமி நன்றாகப் பார்த்தார். "ஏலே, படத்துல வெயில் அடிக்குதேலே. நடுச்சாமத்துல எந்த ஊருல வெயில் அடிக்கும்?"

எந்த ஊரில் என்று வேல்ராஜுக்கு அப்போதுதான் உறைத்தது. கேமராவுக்கு நம் ஊர் நேரத்தை யாரும் சொல்லித் தரவில்லை. அது லண்டன் கிரீன்விச் கணக்கில் மணி போட்டிருக்கிறது. ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். கூட்டினான். ஏழு இருபது வந்தது. சொல்லாமல் விட்டுவிடலாமா என்று நினைத்தான். மாமன் மீசை பக்கத்திலேயே இருந்தது.

"ஏழு... இருபதுங்கய்யா."

"அவிட்டம்," என்றார் ஜோசியர். சாவு வீட்டில் அவ்வளவு தெளிவான முகத்தை வேல்ராஜ் பார்த்ததில்லை. "ஏழே காலோட திருவோணம் முடிஞ்சுது. ஆறு மாசம். முழுசா ஆறு மாசம்."

அடுப்படி வாசலில் நின்ற முருகம்மாள் ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள்.

வேல்ராஜ் தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். ஐந்து நிமிடம். உலகத்தில் எத்தனையோ பேர் ஐந்து நிமிடத்தை வாயைப் பிளந்துகொண்டு பல் தேய்ப்பதிலேயே தொலைக்கிறார்கள். இவன் அப்பாவுக்கு அந்த ஐந்து நிமிடம் முன்னால் சாக முடியவில்லை. இந்த நினைப்பு வந்ததும் தன் மேலேயே அருவருப்பு வந்தது. ஒன்பது நாளில் அவன் அப்பாவுக்காக அழுததைவிட அவர் செத்த மணிக்காக அழுததுதான் அதிகம்.

பிறகு புரோகிராம் எழுதியவனின் மூளை ஒன்றைப் பிடித்துக்கொண்டது. தடாலென்று எழுந்தான்.

"ஐயா, இருங்க. கோப்புல இருக்கிற நேரம் பதிவு முடிஞ்ச நேரம். டம்ளர் விழுந்த நேரம் இல்ல. இது கால் மணி நேரப் பதிவு. டம்ளர் விழுந்ததுக்கப்புறம் பத்து நிமிசம் சும்மா ஓடுது, பாருங்க."

எல்லாரும் பார்த்தார்கள். திரையில் திருமலைச்சாமி டீயை உறிஞ்சினார். கேட்டுக்கு மேலே எதையோ பார்த்தார். டம்ளர் நழுவியது. அதற்குப் பிறகு பத்து நிமிடம் அவர் ஒன்றுமே செய்யவில்லை. நாய் வந்து கொட்டிய டீயை நக்கியது. அவர் முகத்தைப் பார்த்தது. காலடியில் படுத்துக்கொண்டது. மூடுபனி கேட்டைத் தாண்டி உள்ளே வந்து, முதலில் நாயை மறைத்தது, பிறகு அவரை மறைத்தது. பதிவு முடிந்தது.

நல்லசாமி மீசையைத் துண்டால் ஒற்றினார். வடிவு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"ஏழு இருபதுல பத்துப் போனா ஏழு பத்து," என்றான் வேல்ராஜ். "திருவோணம். சரிதானுங்களா?"

மறுக்க இடமில்லை. நல்லசாமியே தலையாட்டினார். "சரியாத்தானே சொல்றான் மருமகன்."

ஜோசியர் கம்பளியை விலக்கினார். மஞ்சள் பைக்குள் கையை விட்டுத் துழாவினார். சப்பணம் போட்டு உட்கார்ந்து, வேறொரு பஞ்சாங்கத்தை எடுத்து மடியில் வைத்தார்.

"இவ்வளவு நேரம் பாத்தது திருக்கணிதம். சாவுக்கு நாங்க வாக்கியந்தான் பாக்கறது." பக்கத்தைப் புரட்டினார். விரலை வைத்தார். வைத்த விரலை எடுக்கவில்லை. "இதுல அன்னிக்கு விடியறதுக்கு முந்தியே திருவோணம் முடிஞ்சுபோச்சு. ஏழு பத்தானாலும் சரி, ஏழு இருபதானாலும் சரி, அவிட்டம். ஆறு மாசம் பூட்டிரணும்."

"அப்ப காலையிலேர்ந்து எதுக்குங்கய்யா அதைப் பாத்தீங்க?"

"மொதல்ல கையில வந்தது அது."

தீர்ப்பு ஆகிவிட்டது. நல்லசாமி முடிவாகச் சொன்னார்: "காரியம் முடிஞ்ச கையோட பூட்டிட்டுப் பெட்டியக் கட்டுங்க. அக்கா எங்கூட மேல வரட்டும். நீங்களும் வாங்க. பூண்டு உரிக்க ஆள் இல்லாம கெடக்கு."

பெங்களூரில் படித்துப் புரோகிராம் எழுதியவன் ஆறு மாதம் பூண்டு உரிக்கப் போகிறான். வேல்ராஜ் அங்கேயே நின்றுகொண்டு மே மாதத்து ஆட்களுக்கு ஒவ்வொருவராக 'துக்க காரியம், மன்னிக்கவும்' என்று அனுப்ப ஆரம்பித்தான். ஒவ்வொன்றும் போகும்போது போன் சந்தோஷமாக ஒரு மணி அடித்தது.

குல்லா மறுபடி எட்டிப் பார்த்தது. "ஆன்ட்டி, லாஸ்ட் டைம், ஹாட் வாட்டர்..."

எல்லாரும் முருகம்மாளைப் பார்த்தார்கள். அவள் பாயில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. சுவரில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, காலை நீட்டினாள். முதலில் ஒரு காலை, பிறகு, யாரும் ஒன்றும் சொல்லாததைப் பார்த்துவிட்டு, இன்னொரு காலையும்.

"அடைப்பாம்ப்பா," என்றாள் குல்லாவிடம்.

ஜோசியரைப் பஸ் ஏற்றிவிட வேல்ராஜ் கூடவே நடந்தான். பத்தடிக்கு மேல் கண் தெரியாத பனி. மஞ்சள் பை மட்டும் முன்னால் ஆடிக்கொண்டே போனது. நிறுத்தம் வரைக்கும் அடக்கிப் பார்த்தான். முடியவில்லை.

"ஐயா, ஒன்னு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. நாலு மாசம் வந்தப்ப ஒங்க மொகம் வாடுச்சு. ரெண்டு வந்தப்ப இன்னும் வாடுச்சு. அடைப்பே இல்லைன்னதும் பஞ்சாங்கத்தையே மாத்திட்டீங்க. எங்க குடும்பத்து மேல ஒங்களுக்கு என்னங்க அப்படி ஒரு இது? அப்பா எந்த நேரத்துலதான் செத்திருக்கணும்?"

பனிக்குள் பஸ்ஸின் விளக்கு தெரிந்தது. ஞானவேல் ஜோசியர் படியில் ஒரு காலை வைத்துத் திரும்பினார்.

"நீங்க எந்த நேரத்தக் கொண்டாந்திருந்தாலும் ஆறு மாசந்தான் தம்பி. போன தைப்பூசத்துக்குப் பழனி வந்தப்பவே ஒங்கப்பா எங்கிட்ட வந்து, 'நான் எந்த நட்சத்திரத்துல செத்தாலும் ஆறு மாசம்னு அடிச்சுச் சொல்லிரும் ஓய், அப்பவாச்சும் முருகம்மா ஊருக்கெல்லாம் சுடுதண்ணி வைக்காம உக்காரட்டும்'னு சொல்லிட்டுப் போனாரு."